நிரம்பித் திரும்பிய பாட்டில்

காலையில் என் மனைவிக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தருவது என் வேலை. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். மாலையில் பாட்டில் அப்படியே திரும்பி வரும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டும், போனால் டார்கெட் விழும். நானும் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்துவிடுவேன். இத்தனைக்கும் தோல் தொழிற்சாலையில் என் பிழைப்பே திரும்பி வரும் தண்ணீரைப் பார்ப்பதுதான். டிரம்மில் தோலையும் அதைப் பதப்படுத்தும் குரோம் உப்பையும் போட்டுச் சுற்றவிட்ட பிறகு, வெளியே வரும் தண்ணீரில் நிறம் ஜாஸ்தி நின்றால் தோல் குடிக்கவில்லை என்று அர்த்தம். மேலும் மேலும் குரோம் கொட்டிப் பயனில்லை.

அவளுக்குச் சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. காய்ச்சல் என்றவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்த புத்திசாலி நான்தான். வேலூரில் ஐசியூவில் சேர்த்தபோது பிரஷர் கீழே போயிருந்தது. செப்டிக் ஷாக் என்றார்கள்.

அவளோடு தைக்கும் பெண்கள் ரத்தம் கொடுக்க வேன் பிடித்து வந்துவிட்டார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "ரத்தம் போதுமான அளவு இருக்கும்மா. அதுல ஆக்சிஜனும் இருக்கு. ஒடம்புதான் அதை எடுத்துக்க மாட்டேங்குது." அவர்கள் போகவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியாது.

உடம்பைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று சோதித்தார்கள். நூற்றுக்கு எண்பத்தெட்டு என்றதும் அவள் அண்ணன் முகம் தெளிந்தது. "ஜாஸ்தியா கீது மாப்ள. நல்லதுதான?"

"தோல் குடிக்கல மச்சான்" என்றேன்.

"இன்னா பேசறீங்க நீங்க" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தங்கையைப் பற்றி யாராவது அப்படிச் சொல்வார்களா? தப்பு என்னுடையதுதான். ஆனால் எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் எழுபத்திநாலு. "கம்மியாய்டுச்சே" என்று மச்சான் பெஞ்சில் சரிந்தார். நான் டாக்டரிடம் ஓடினேன். "எடுத்துக்க ஆரம்பிச்சிட்டாளா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆமா. பிரஷர் மருந்தையும் கொறைச்சிருக்கோம். இன்னும் கொஞ்சம் பொறுங்க." அத்தனை பேர் எதிரில் நான் அழுதேன். மச்சானுக்கு ஒன்றும் புரியாமல், அவரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிழைத்து வந்து, சில மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போகிறாள். மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பையைத் திறந்து பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறேன். போன வாரம் ஒருநாள் பாதி இருந்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, என் எதிரிலேயே நின்று, மீதியைக் குடித்து முடித்தாள்.