பாவுக்கு இந்தப் பக்கம் என் ஆட்டோ

ஆட்டோக்காரனுக்குச் சோறு போடுவது ரோடு. பிள்ளையார்பாளையத்தில் விடிகாலை ரோடு பட்டு நூலுக்குச் சொந்தம் என்பது என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை கார்

தறியில் ஏற்றுமுன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் பாவு. அவிழ்க்கும்வரை வண்டி போகாது. என் மகள் கல்யாணத்தன்று பார்த்து எதிர்வீட்டு முனுசாமி பாவு நீட்டினான். மாப்பிள்ளை கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. போய்க் கேட்டேன். "நடந்து வரச் சொல்லுபா, மாப்பிள்ளைக்குக் கால் இருக்குதில்ல?"

அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன்.

அளந்தவர்

போன வருடம் ஒரு டிசைன் காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தார்கள். பாவும் வண்டியும் ஒரே தெருவில் எப்படிப் பிழைப்பது என்பதுதான் ஆராய்ச்சி. ஆளுக்கொரு படிப்பு. கூட்டி வந்தது என் ஆட்டோ. எப்படியும் முனுசாமி பாவை ஊருக்கு வெளியே தள்ளிவிடுவார்கள் என்று ஆசையோடு ஓட்டினேன்.

முதலில் இன்ஜினியர் டேப் பிடித்தார். பாவை உயரத்தில் கட்டிக் கீழே ஆட்டோ விடலாம் என்றார். முனுசாமி பெண்சாதி அண்ணாந்து பார்த்தாள். "நூல் அறுந்தா முடி போட நீங்க ஏறுவீங்களா சார்?"

மனசைப் படித்தவர்

இன்னொரு நாள் மனசைப் பற்றிப் படித்த அம்மா பின்சீட்டில் இருந்தார். எதிரே மயில்கழுத்து நிறத்தில் பாவு. பனி விலகாத நேரம். வெயில் நூல் மேல் மெல்ல நடந்து வந்தது. தூரத்துக் கோபுரம் அந்த நூலின் மேல்தான் மிதக்கிறதோ என்றிருந்தது. காத்திருக்கும்போது மனசில் என்ன இருக்கும் என்று கேட்டார். கோபம்தான் என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் ஏண்ணா சிரிச்சிட்டே இருக்கீங்க?"

எல்லாம் சேர்ந்தபோது

கடைசி நாள் முனுசாமியையும் என்னையும் வைத்துக்கொண்டு தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தெரு அகலம் போதாது, பாவை நகர்த்த முடியாது என்றார் இன்ஜினியர். காத்திருப்பது வலிக்கவில்லை, தெரியாமல் வந்து மாட்டுவதுதான் வலிக்கிறது என்றார் அந்த அம்மா. ஊர் வழக்கங்களைப் படிக்கிற பெண், முதல்நாள் சாயங்காலமே எல்லா வீட்டுக்கும் பாவு சேதி போகிறது, ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போவதில்லை என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தனித்தனியாகப் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது என்றார் அவர்களை நடத்தி வந்த டிசைன் டீச்சர். முனுசாமி முன்கூட்டியே சொன்னால் நான் ராத்திரியே வண்டியைத் தெருமுனையில் விடலாம். அவ்வளவுதான் அவர்கள் டிசைன். முனுசாமி தொண்டையைச் செருமினான். "நாளைக்குப் பாவு இருக்குதுபா."

இத்தனை படிப்பும் ஒன்றுகூடி எனக்குச் செய்த கெடுதல், பாவுக்கு முந்தின சாயங்காலமெல்லாம் அவனுக்கு 'சரி' என்று பதில் சொல்லவேண்டி வந்ததுதான்.