அன்னக்கொடி ஏறிய ஏரோப்ளேன்

மலைமேல் போளூர்ப் பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போது தலைக்கு மேலே இரைந்து போவதற்கு அன்னக்கொடி வைத்திருந்த பேர் ஏரோப்ளேன். அது பார்ப்பதற்கு உள்ளது. ஏறுவதற்கு உள்ளது பஸ். அதில் பெருமாள்மலை வளைவுகளைத் தாண்டுவதற்குள் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

ஆனால் ஐதராபாத்தில் மகள் சுபஸ்ரீக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். பக்கத்தில் மாப்பிள்ளையைத் தவிர யாருமில்லை. ரயிலில் போனால் மறுநாள்தான் என்று மகன் மனோஜ்குமார் மதுரையிலிருந்து ஏரோப்ளேனில் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். மலை இறங்குகிறவர்கள் வழக்கப்படி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையுமாகக் கிளம்பினாள் அன்னக்கொடி.

"உள்ள வந்து ஏரோப்ளேன்னு சொல்லாதம்மா, சிரிப்பாங்க. பிளைட்டுன்னு சொல்லு," என்றான் மனோஜ்குமார் விமான நிலைய வாசலில்.

"போர்டுல விமானம்னுல்ல போட்டிருக்கு?"

"அது எழுதுறதுக்கு. வடமொழிச் சொல்லு. அளந்து செஞ்சதுன்னு அர்த்தம். கோயில் கருவறை மேல இருக்கே, அதுக்கும் அதான் பேரு. பள்ளிக்கூடப் புத்தகத்துல வானூர்தி."

"அளந்தவன் ஒழுங்கா அளந்தானா? நீ அக்காவுக்குப் போனப் போடு."

ஏரோப்ளேனுக்குள் உட்கார்ந்ததும் ஜன்னலைத் தடவினாள். "ஏலே, இந்தக் கண்ணாடியத் தொற."

"தொறக்க முடியாதும்மா."

"அப்ப நான் எறங்கிக்கிறேன்."

"எறங்கிட்டா அக்காகிட்ட யாரு போறது?"

உட்கார்ந்தாள். மேலே எழும்பியதும் கண்ணை இறுக மூடி, பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு முதல் வளைவுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. வராத வளைவுக்குக் காத்திருப்பது வாந்தியைவிடப் பெரும்பாடாக இருந்தது.

"இன்னும் வளைவு வரலையே?"

"இதுல அதெல்லாம் கெடையாதும்மா."

பட்டினி கிடந்தது வீண். வயிறு இரைந்தது. "சரி, போனப் போடு."

"இங்க எடுக்காது."

"பஸ்ஸுல எடுக்குமே. என்னத்த அளந்தான் இவன்?"

சக்கரம் தரையைத் தொட்டதுமே எழுந்தாள், பணிப்பெண் கையமர்த்தினாள். ஒருவழியாகப் போன் கிடைத்தது.

"இன்னும் பொறக்கல அத்தை," என்றார் மாப்பிள்ளை. "உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. எங்க இருக்கீங்க?"

"ஏரோப்ளேனுக்குள்ளதான் இருக்கேன் மாப்ள. அம்மா வந்துட்டான்னு சொல்லுங்க."

நாலு வரிசைக்குக் கேட்டது. மனோஜ்குமார் சுற்றிலும் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை, அவரவர் போனில் இறங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி முன்னால் நின்றவரை முழங்கையால் ஒதுக்கினாள்.

"வெரசா நகருங்கப்பா. பிள்ள வலியில கெடக்கு."