பெரட்டுக்கு வராத ஆள்

மீசை வைத்துக்கொண்டால் எனக்கு யாரிடமும் பயமில்லை. புலாவ் செபாங் பக்கம் எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் நாடகம் போடுவோம். அதில் நான்தான் மண்டோர். விடிவதற்குள் பால்மரம் வெட்டுகிறவர்களை வரிசையில் நிறுத்தி, யார் வந்தார், யார் வரவில்லை என்று மண்டோர் பார்ப்பதைப் பெரட்டு என்பார்கள். எங்கள் நாடகம் முழுக்க அந்தப் பெரட்டுதான். என் வீட்டுக்காரர் தினமும் பிந்தி வந்து பொய் சொல்கிற சோம்பேறி. பிறகு எங்கள் மகனும் சேர்ந்துகொண்டான். "அடுத்த ஆளு!" என்று நான் கத்தும்போது மேடையில் இருக்கமாட்டான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "வந்துட்டேன் மண்டோரே!" என்று ஒற்றைச் செருப்போடு ஓடிவருவான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

போன வருஷம் செங் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன் மோட்டார் சைக்கிளோடு லோரிக்கு அடியில் போய்விட்டான். ஒரே பிள்ளை.

அன்றிலிருந்து அவர் படுத்த படுக்கைதான். வேலைக்குப் போகவில்லை. பேச்சில்லை. கெஞ்சினேன், திட்டினேன், சோற்றுத் தட்டைக்கூட விட்டெறிந்தேன். வருகிறவர்களெல்லாம் அவரைத் தேற்றிவிட்டு, என்னிடம் தேத்தண்ணி கேட்டார்கள். எனக்கென்ன, மனசு மரக்கட்டையா?

கிளினிக்கில் மனநல டாக்டரைப் பார்க்க இரண்டு முறை நாள் வாங்கினேன்; இரண்டு முறையும் அவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை, காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். என்ன நினைத்தேனோ, கண்மையை எடுத்து மீசை வரைந்தேன். நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன மீசை.

அறை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தேன். "பெரட்டுக்கு மணியடிச்சு எவ்ளோ நேரமாச்சு? இன்னும் என்னாடா தூக்கம்?"

போர்வை அசையவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. திரும்பிப் போகப் பார்த்தேன்.

"பாட்டி செத்துப் போச்சுங்க, மண்டோரே."

மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"போன வாரமும் அதே பாட்டிதானேடா செத்துச்சு?"

"அது சும்மா செத்துச்சுங்க. இன்னிக்குத்தான் உண்மையா."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். தாடிக்குள் அந்தப் பழைய சோம்பேறி திரும்பி வந்திருந்தான். போர்வையை விலக்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றினார். கடவுளே, எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். விடக்கூடாது என்று குரலை உயர்த்தினேன்.

"உனக்கு இன்னிக்கு அரை நாள் சம்பளந்தான் லா! போய் வரிசைல நில்லு! அடுத்த ஆளு!"

பழக்கத்தில் வாய் கத்திவிட்டது. கத்தியதோடு நிற்காமல், எப்போதும் போலக் கழுத்தும் திரும்பிவிட்டது. கூடத்தைத் தாண்டி வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் அங்கேதான் பார்த்தார். மேடையில் அந்த இடத்தில் காத்திருக்கும் நேரம் வரைக்கும் இரண்டு பேருமே காத்திருந்தோம்.

கடைசியில் அவர்தான் பதில் சொன்னார், சோம்பேறியின் குரலிலேயே.

"அவன் இன்னிக்கு வரலீங்க, மண்டோரே."

தரையில் ஊன்றிய காலை மெல்லக் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டார்.