அட்மிரலின் நாற்பத்தொரு கட்டளைகள்

படகு வைத்திருப்பவர்கள் உலகத்தில் ஏராளம். வாங்கிய படகை ஆறு வருடம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் கட்டிக்காத்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். தொழிலில் அவர் கண்ணாடிக்கடைக்காரர். ஊராரின் மூக்கு அளவுக்கெல்லாம் கண்ணாடி பொருத்தித் தருபவர். ஆனால் ‘படகுக்காரர்கள்: நட்பும் உதவியும்’ என்ற இணையக் குழுவின் இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்களுக்கு அவர் அட்மிரல். இந்தப் பட்டத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. யாரோ கேலியாகச் சூட்டினார்கள். அவர் மரியாதையாக வைத்துக்கொண்டார்.

படகு அவர் கைக்கு வந்த கதை சுருக்கமானது. வெளிநாட்டுக்குக் குடிபோகும் வாடிக்கையாளர் ஒருவர், “உங்களுக்குத்தான் தரணும்னு தோணுது” என்றார். தன்னைப் பார்த்து ஒரு மனிதனுக்கு இப்படித் தோன்றியதே என்று அட்மிரல் உருகிப்போனார். படகு, டிரெய்லர், ஏழாம் எட்டாம் பக்கம் கிழிந்துபோன கையேடு, ஒரு சாவி ஆகியவை கைமாறின. சாவியில் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ் தொங்கியது. அந்தக் கலைநயம் அட்மிரலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடையில் கூட்டமில்லாத நேரங்களில், லென்ஸ் துடைக்கும் துணியாலேயே அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்.

படகு அன்று வீட்டுக் கொல்லைக் கொட்டகைக்குள் போனதுதான். தண்ணீரில் இறக்க ஒவ்வொரு வருடமும் முகூர்த்தம் குறிப்பார். ஒரு வருடம் காற்று சரியில்லை. மறு வருடம் காற்று ரொம்பச் சரியாக இருந்ததால் சந்தேகம் வந்தது. அப்புறம் இடுப்பு வலி. அதற்கும் அப்புறம், யாரும் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் சும்மா இருந்தார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கொட்டகையில் படகுக்குள் உட்கார்ந்தபடி, உலகத்தில் உள்ள அத்தனை எஞ்சின் கையேடுகளையும் கரைத்துக் குடித்தார். குழுவில் எவர் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவருடையது. ஒரு நாள் பேக்கரிக்காரர், “நடுத்தண்ணில எஞ்சின் நின்னுபோச்சு, யாராச்சும் இருக்கீங்களா?” என்று குழுவில் அலறினார். அட்மிரல் அப்போது கடையில் ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகை காட்டிக்கொண்டிருந்தார். “கடைசி வரி படிங்க” என்று அவரிடம் சொல்லிக்கொண்டே, “டேங்க் மூடில ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை மூடி வெச்சிருப்பீங்க. திறந்துவிட்டாத்தான் காத்துப் போகும், எண்ணெய் இறங்கும்” என்று பேக்கரிக்காரருக்குத் தட்டிவிட்டார். எஞ்சின் கிளம்பியது. பெரியவருக்குத்தான் தேவைக்கு மேல் பவர் விழுந்துவிட்டது.

அதன்பின் அவர் இயற்றியதுதான், குழுவின் உச்சியில் ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கும் ‘படகை இறக்குமுன் பார்க்கவேண்டிய நாற்பத்தொரு அம்சங்கள்’. டயர் காற்றில் ஆரம்பித்து, தொப்பி காற்றில் பறக்காதிருக்கத் தாடைக்கயிறு கட்டுவது வரை அதில் எல்லாம் உண்டு. குழுவே அதை வேதமாக ஏற்றது.

வீட்டில் வேறு வேதம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி தையல்காரி. மூன்று மெஷின்களும் படுக்கையறையில். கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். துணி கொடுக்க வருகிற பெண்கள் கட்டில்மேல் உட்கார்ந்து அளவு கொடுத்தார்கள். அவளுக்குக் கொட்டகை வேண்டும். நாலு வருடமாகக் கேட்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தம்பி, படகு வாங்க ஓர் ஆளையே பிடித்துவிட்டு வந்து நின்றான்.

“அத்தான், ஆளு ரெடி. ஞாயித்துக்கிழமை வந்து இழுத்துட்டுப் போயிடுவாரு.”

“படகை விக்கிறதா? குழுவுல என் மூஞ்சிய எங்கடா வெச்சுக்குவேன்?”

“குழுவுல உங்க மூஞ்சி எங்க இருக்கு? படகு படம்தானே வெச்சிருக்கீங்க.”

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அது தண்ணியில நிக்கணும். இல்லன்னா அந்தாளு வீட்டுல நிக்கணும். கொட்டகையில நிக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

அட்மிரல் அன்றே குழுவில், “நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஞாயிறன்று தண்ணீருக்குத் திரும்புகிறேன்” என்று அறிவித்தார். ‘திரும்புகிறேன்’ என்ற சொல்லை எழுதும்போது அவர் விரல் சற்றும் நடுங்கவில்லை.

ஞாயிறு காலை, படகு இறக்கும் சரிவில் பதினோரு பேர் வந்து நின்றார்கள். அழைப்பில்லாமலே வந்தார்கள், உதவி என்றால் அப்படித்தான். வாத்தியாரம்மா பிளாஸ்கில் டீயோடு வந்திருந்தார். முப்பது வருடம் வகுப்பறையில் கத்திய குரலும் கூடவே வந்திருந்தது. எந்தப் பிரச்சினைக்கும் “கயிறு போடுங்க, சரியாயிடும்” என்று பதில் எழுதியதால் ‘கயிறு’ என்றே பெயர் வாங்கியவர், தோளில் உண்மையிலேயே ஒரு கயிற்றுச் சுருளோடு வந்திருந்தார். பேக்கரிக்காரர் பன்களோடு வந்திருந்தார்.

டிரெய்லரைப் பின்னோக்கி விடும் படலம் முக்கால் மணி நேரம் நடந்தது. பதினோரு பேரும் பதினோரு திசை காட்டினார்கள்.

“இடது பக்கம் ஒடிங்க! இடது!”

“யாரு இடது? உங்க இடதா, என் இடதா?”

“டிரெய்லரோட இடது!”

கடைசியில் மைத்துனன் காரைப் பிடுங்கி ஓட்டி, ஒரே மூச்சில் இறக்கிவைத்தான். இந்தத் துரோகத்தை அட்மிரல் மன்னித்தார். பிறகு பட்டியலை எடுத்து, நாற்பத்தொரு அம்சங்களையும் உரக்க வாசித்து ஒவ்வொன்றாக ‘டிக்’ அடித்தார். முப்பத்தெட்டு: “சாவி கையில் உள்ளதா?” பித்தளைக் குமிழைத் தூக்கிக் காட்டினார். வெயிலில் மின்னியது. கூட்டம் கைதட்டியது.

படகு மிதந்தது. எஞ்சின் முதல் திருகலிலேயே உறுமியது. ஆறு வருடம் மாதம் தவறாமல் அதற்குப் பால் மட்டும்தான் அவர் வார்க்கவில்லை, மற்ற சிசுருஷை எல்லாம் செய்திருந்தார். அறுபதடி தூரம் போய், தலைவர்கள் காரிலிருந்து அசைப்பதைப் போல மனைவியை நோக்கிக் கையசைத்தார். கால் குளிர்ந்தது. அலை தெறித்திருக்கும் என்று நினைத்தார். கணுக்கால் குளிர்ந்தது. இது சற்றுப் பெரிய அலை என்று நினைத்தார்.

கரையிலிருந்து மனைவிதான் முதலில் கேட்டாள். “அது என்ன, அவருக்கு முன்னாடி செருப்பு மிதந்து போகுது?”

“பின்பக்கம் இறங்குதே!” என்று வாத்தியாரம்மா அலறினார். “பிளக் போட்டீங்களா?”

“எந்தப் பிளக்?” என்றார் அட்மிரல்.

படகின் அடியில், பின்பக்கம், உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை இருக்கும். இறக்கும்போது அதைத் திருகி அடைக்கவேண்டும். படகு வைத்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கையேட்டில் அது எட்டாம் பக்கத்தில் இருக்கிறது.

“எஞ்சினை நிறுத்துங்க! நிறுத்திட்டு ஒரு இடத்துல உக்காருங்க!” என்று மறுபடியும் வாத்தியாரம்மா கத்தினார்.

அடுத்த கணம், கயிறு என்பவரின் வாழ்நாள் தத்துவம் நிரூபணமானது. சுருள் பறந்து வந்து அட்மிரலின் மடியில் விழுந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். பேக்கரிக்காரர் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பின்பக்கம் துழாவித் துளையைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலைச் சொருகினார். “கிடைச்சிருச்சு! ஆனா நான் இப்படியே எவ்வளவு நேரம் நிக்கிறது?”

மனைவி தன் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தாள், இறுக்கி உருட்டினாள், நாலு தையல் போட்டாள், புடவையை இடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். “விரலை எடுங்கண்ணே” என்று சொல்லித் துளையில் திணித்தாள். ஒரு சொட்டு கசியவில்லை. அங்கே அவ்வளவு நேரமும் நடந்த வேலைகளில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

வாளி வாளியாய்த் தண்ணீரை இறைத்து முடித்ததும், அட்மிரல் ஈரக் கால்சட்டையோடு கரையில் உட்கார்ந்தார். “உங்க எல்லார்கிட்டயும் ஒன்னு சொல்லணும். நான் வந்து... இதுக்கு முன்னாடி...”

“தெரியும்” என்றார் வாத்தியாரம்மா, டீ ஊற்றிக்கொண்டே.

“எப்பலேருந்து?”

“மொதப் போட்டோலேருந்து. ‘அலைகளின் நடுவே அமைதி’ன்னு போட்டீங்களே, பின்னாடி சுவத்துல சாஞ்ச ஏணி தெரிஞ்சுது. ஆறு வருஷமா உங்க கடல்ல ஒரு ஏணி நிக்குது சார்.”

“அதுல துண்டு வேற காயுது” என்றார் கயிறு.

“அப்புறம் ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லல?”

பேக்கரிக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். “அன்னைக்கு என் எஞ்சின் நின்னப்போ, நெசமாவே கடல்ல போற நாப்பது பேரு எனக்கு அழுவற பொம்மை அனுப்பினாங்க. ஏணிக்குப் பக்கத்துல இருந்தவரு ஒருத்தர்தான் திருகைத் திறக்கச் சொன்னாரு. நான் எதுக்குங்க சொல்லப்போறேன்?”

அட்மிரல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் தெறித்திருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

“சரி, பட்டியல்ல பிளக் இல்லைன்னாவது சொல்லியிருக்கலாமே?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருநூற்றுப் பதின்மூன்று பேருமே கவனித்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் விட்டிருப்பார் என்று இருநூற்றுப் பதின்மூன்று பேருமே நினைத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியாது.

“அதெல்லாம் இருக்கட்டும், உங்க பிளக் எங்க?” என்று கேட்ட வாத்தியாரம்மாவின் பார்வை, அட்மிரலின் கையிலிருந்த சாவியில் போய் நின்றது. “சார், அது என்ன?”

“இதுவா? சாவிக்கொத்து அலங்காரம்.”

யாரும் சிரிக்கவில்லை; சிரிப்பதற்கு மூச்சு வேண்டும். இறக்கும்போது மறக்கக்கூடாது என்பதற்காகவே படகுக்காரர்கள் பிளக்கைச் சாவியோடு கட்டி வைப்பார்கள். ஆறு வருடம் துடைத்துத் துடைத்து, ஊரிலேயே பளபளப்பான பிளக்காக அவர் அதை ஆக்கியிருந்தார்.

மைத்துனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “அக்கா, அந்தாளு நாலு மணிக்கு வர்றாரு. தண்ணியில நிக்கணும்னுதானே சொன்னே? இங்க தண்ணிதான் படகுல நின்னுச்சு.”

மனைவி தன் துணியடைப்பையும் படகையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அப்போது கயிறு தொண்டையைக் கனைத்தார். “தங்கச்சி, துறையில எனக்கு ரெண்டு படகு கட்டுற இடம் இருக்கும்மா. ஒன்னு சும்மாத்தான் கிடக்கு. இங்கயே கட்டிப்போட்டுடலாம். கயிறு நான் தர்றேன்.”

“கொட்டகைக்குத் திரும்பி வராதே?”

“வராது.”

“ஒரு துடுப்புகூட வரக்கூடாது.”

“வராது தங்கச்சி.”

“அப்போ இங்கயே கிடக்கட்டும்” என்றாள். தம்பியைத் திரும்பிப் பார்த்து, “நீ கார எடு. மெஷின் மூணையும் இன்னைக்கே மாத்திடலாம்” என்றாள்.

அட்மிரல் வென்றார். அந்த வெற்றியின் முழு விபரீதம் அவருக்குத் திங்கட்கிழமைதான் உறைத்தது. படகு தண்ணீரில் இருக்கிறது. பிளக் அதன் இடத்தில் இருக்கிறது. இடுப்பு வலி சொன்னால், நடத்திக் கூட்டிப்போகப் பதினோரு பேர் தயாராக இருக்கிறார்கள். “எப்ப சார் போலாம்?” என்று பேக்கரிக்காரர் காலையிலேயே கேட்டுவிட்டார். கொட்டகையிலோ தையல் மெஷின் ஓடுகிறது. ஏணியில் ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. ஒளிய இடமில்லை.

அன்று மதியம் பட்டியலைத் திருத்தி, எல்லாவற்றுக்கும் மேலே ‘பூஜ்யம்: பிளக்’ என்று எழுதினார். பிறகு நெடுநேரம் யோசித்து, குழுவில் தன் வாழ்நாளின் முதல் கேள்விக்குறியைப் போட்டார்:

“நண்பர்களே, துறையில் கட்டியிருக்கும் படகில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கவேண்டும்?”

பத்து நிமிடத்தில் அறுபது பதில்கள் வந்தன. முப்பத்தொரு பேர் வலது கால் என்றார்கள். இருபத்தெட்டுப் பேர் இடது கால் என்றார்கள். சாயங்காலத்துக்குள் சண்டை முற்றி, இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள்.

அறுபதாவது பதில் மட்டும், கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்தக் கால் வேண்டுமானாலும் வையுங்கள் என்றது.