சித்திரையில் கேட்ட போர்வை

பாவாயி அக்காவை அறிந்தவர்களுக்கும், அவர் இறந்த சேலம் தனியார் மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும்:

1. ஏப்ரல் 6: இடுப்பெலும்பு முறிந்து வந்தவரின் தைராய்டு மாத்திரைகளை, "நாங்களே குடுத்துக்கறோம்" என்று அவர் மகளிடம் வாங்கி வைத்தீர்கள். மருந்துக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

2. ஏப்ரல் 9: "என்ற மாத்திரை எங்கீங்க?" என்று அவரே கேட்டார். "எல்லாம் சேத்துத்தான் குடுக்கறோம் பாட்டி" என்றீர்கள்.

3. மே 4: சித்திரை வெயிலில் குளிருகிறது, போர்வை வேண்டும் என்றார். பொருட்படுத்தவில்லை.

4. மே 8: முகம் ஊதி, பேச்சுக் குழறியது. ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

மே 12 காலை அவர் மகள் என்னிடம் தொலைபேசியில் சொன்னாள்: "மாமா, அம்மா எந்திரிக்கலீங்க."

அஸ்தம்பட்டிப் பரிசோதனைக்கூடத்தில் நானும் அக்காவும் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். நான் உயிர்வேதியியல் படித்தவன். ரத்தம் எடுப்பது அவர். இளவயதில் கழுத்துக் கட்டிக்காக அவருடைய தைராய்டு சுரப்பியை முழுதும் அகற்றியிருந்தார்கள். அன்றாட மாத்திரைதான் அவர் உயிர். முன்பெல்லாம் தைராய்டு சோதனைக்கு ரத்தம் பேருந்தில் சென்னைக்குப் போக வேண்டும்; செலவென்று அதை எழுதும் மருத்துவர் குறைவு. சொந்தமாக இயந்திரம் வந்த அன்று முதலில் தம் ரத்தத்தையே வைத்தார். "இத்தன வருசமா டாக்டரு என்ற மொகத்தப் பாத்து அளவு சொன்னாரு. இப்பத்தான் ரத்தத்தையே கேக்கறாங்க."

ஒருமுறை எடப்பாடியிலிருந்து வந்த தறிக்காரப் பெண் ஒருத்தி, உடம்பு தேறிவிட்டதென்று தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருந்தாள்.

"அந்தக் காலத்துல ஆட்டுக் கழுத்துச் சுரப்பிய வறுத்துத் தின்னு பொழச்சாங்க சாமி. உனக்கு மொளகுத் தண்டி மாத்திரைக்குச் சலிப்பா?" என்றார் அக்கா.

"ஆட்டுக் கழுத்தையே குடுங்கக்கா. கொழம்பாச்சும் வெப்பேன்."

அக்கா சிரித்தார், ஆனால் விடவில்லை. "தறிய நிறுத்துனா நூலு நிக்கும். இத நிறுத்துனா நீயே நின்னுருவ."

அதை அறிந்தவர் ஏன் மீண்டும் மீண்டும் கேட்கவில்லை என்பீர்கள். மாத்திரை இல்லாத ஐந்து வாரங்கள் முதலில் எடுத்துக்கொண்டது, கேட்கும் தெம்பைத்தான்.

மே 4 அன்று அந்தப் போர்வையைப் போர்த்திவிட்டவன் நான். குளிர், சோர்வு, மந்தம் என்ற குறிப்புகளோடு தைராய்டு சோதனைக்கு வந்த ரத்தத்தை ஆயிரம் முறை சோதித்தவன். "வயசாச்சில்லீங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வளையல்களோடு நீங்கள் திருப்பித் தந்த மாத்திரை அட்டையை அவர் மகள் என்னிடம் கொடுத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அக்காவினுடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.

மருந்து ஏன் தரப்படவில்லை, மரணக் காரணம் 'முதுமை' என்று எப்படி எழுதப்பட்டது என்பதற்கு, ஜூன் 30 மாலை ஐந்து மணிக்குள் அவர் மகளுக்குக் கையொப்பமிட்ட பதில் வர வேண்டும். என் பங்குக்கான பதிலை மேலே எழுதிவிட்டேன்.