நட்டைத் தூக்கினால் டர்ன் முடிந்ததா?

1. தூக்கிய கை

“நட்டைத் தூக்கியாச்சு சார்! இனிமே ஒண்ணும் செல்லாது” என்று சலீம் எழுந்து நின்றார். எதிரே ரேவதி இடது கையில் நட்டும் வலது கையில் ஒரு கார்டுமாக உட்கார்ந்திருந்தார். இறுதி ஆட்டம். நான் ஜட்ஜ்.

போர்ட் பிளேரில் கார்டு கேம் போட்டிகளுக்கு ஜட்ஜாக இருப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியர். நாங்கள் கூடும் கார்டு கேம் கடை மின்னி பே பகுதியில் ஒரு மாடியில் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கடல் காற்று கார்டுகளைக் கிளப்பிவிடும். அதனால் எல்லோரும் தங்கள் சீட்டுக்கட்டின் மேல் ஒரு கனமான இரும்பு நட்டை வைப்பார்கள். நட்டுகள் பஜாரில் இருக்கும் சலீமின் ஹார்டுவேர் கடையிலிருந்து வந்தவை. கட்டிலிருந்து கார்டு எடுக்க நட்டைத் தூக்கியாக வேண்டும். நாளடைவில், எதிராளி ‘ஹோ கயா’, அதாவது ‘முடிந்தது’ என்று இந்தியில் சொன்னதும் நட்டைத் தூக்கினால், ‘எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, என் முறை தொடங்குகிறது’ என்று பொருள் ஆகிவிட்டது. யாரும் வாயைத் திறப்பதில்லை.

விளையாடாதவர்களுக்கு: ஒருவருடைய முறைக்கு டர்ன் என்று பெயர். அதில் நான்கு கட்டங்கள். கார்டு எடுப்பது டிரா, படை இறக்குவது மெயின், தாக்குவது அட்டாக், முடிப்பது எண்ட். சில கார்டுகளை எதிராளியின் எண்ட் கட்டத்தில் மட்டுமே போடலாம். அந்தக் கட்டம் மூடிவிட்டால் அது கையில் வெறும் அட்டை.

ரேவதி கையில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று. அந்த டர்னில் தாக்கிய படை முழுவதையும் அது திருப்பி அனுப்பிவிடும். செல்லுமானால் சலீமின் பக்கம் காலி. செல்லாவிட்டால் அடுத்த தாக்குதலில் ரேவதி காலி. ஜெயிப்பவருக்குச் சென்னைப் போட்டியில் ஓர் இடம், கப்பல் டிக்கெட்டோடு. இங்கிருந்து ஒருவர்தான் போக முடியும். ரேவதி பத்துபஸ்தியிலிருந்து வருபவர், அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. காலையில் வந்ததுமே, “லீவு சாங்ஷன் ஆயிருச்சு சார், ஜெயிக்கிறதுதான் பாக்கி” என்று சொல்லியிருந்தார்.

2. இரண்டு கேள்விகள்

செய்தி மேசையில் பழகிய முறைதான். முதலில் நடந்தது என்ன என்று கேட்க வேண்டும், யார் பக்கம் நியாயம் என்று பிறகு பார்க்கலாம்.

சலீமிடம் கேட்டேன்: “அவங்க கட்டுல இருந்து கார்டைத் தொட்டாங்களா?”

“இல்ல சார். பொய் சொல்ல மாட்டேன். நட்டு மட்டும்தான்.”

“அப்புறம் என்ன சலீம் அண்ணே?” என்றார் ரேவதி. “ரூல் புக்ல நட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா? உங்க கடை கேட்லாக்லதான் இருக்கும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சலீமும் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை.

ரூல் புக்கில் நட்டு இல்லைதான். ‘பாஸ்’ சொல்வது பற்றி இருக்கிறது. சொல்லாலோ, இருவருக்கும் புரிந்த சைகையாலோ பாஸ் செய்யலாம். இருவரும் பாஸ் செய்தால் கட்டம் மூடுகிறது. சலீம் ‘ஹோ கயா’ என்றபோதே பாஸ் செய்துவிட்டார். மிச்சம் ரேவதியின் பாஸ்.

ரேவதியிடம் கேட்டேன்: “இதுக்கு முந்தின டர்ன்ல சலீம் நட்டைத் தூக்கினாரே, அப்ப என்ன நினைச்சீங்க?”

ரேவதி கையிலிருந்த நட்டை மேசையில் வைத்தார்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல, என் டர்ன் முடிஞ்சுதுன்னு.”

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. இருந்தாலும் ஜட்ஜ் தீர்ப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னேன். கட்டம் மூடிவிட்டது. ரேவதி அந்தக் கார்டைக் கைக்குத் திருப்பிக்கொண்டு, கட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். அது உதவவில்லை. சலீம் சென்னைக்குப் போனார்.

3. காற்றில்லாத ஹால்

சலீம் திரும்பி வந்து சொன்னது இது. ஹாலில் ஏசி, ஜன்னலே கிடையாது. மேசையில் நட்டை வைத்ததும் அங்கிருந்த ஜட்ஜ் எடுக்கச் சொல்லிவிட்டார். கார்டைத் தவிர மேசையில் எதுவும் கூடாதாம்.

“எதிர்ல இருந்த பையன் ‘எண்ட்?’னு கேட்டான். கேட்டுச்சுங்கிறதுக்காகத் தலையை ஆட்டினேன் சார். அதைப் பாஸ்னு எடுத்துக்கிட்டான். கையில பதில் கார்டு இருந்துச்சு.” பிறகு, “ரேவதி மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு” என்றார்.

அந்த வாரமே கடையில் ஒரு விதி போட்டோம். நட்டு இருக்கலாம். ஆனால் அதைத் தொடும் முன், ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல வேண்டும். கையை மட்டும் வைத்துக் கட்டத்தை மூடினால், மூடியதா இல்லையா என்று பிறகு ஜட்ஜ்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. புதிதாக ஜட்ஜ் வேலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். ரூல் புக்கை மனப்பாடம் செய்யுங்கள், கூடவே அந்த ஊர் ஆட்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்றும் பாருங்கள்.

அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அதே இருவர். அன்றும் நல்ல காற்று. சலீம் தாக்கி முடித்து, “ஹோ கயா” என்றார்.

ரேவதியின் கை நட்டுப் பக்கம் போகவில்லை.

“இருங்க அண்ணே. இன்னும் உங்க டர்ன்தான்.” அதே கார்டைப் போட்டார்.

சலீம் அதை எடுத்துப் படித்துவிட்டு வைத்தார். “அரே, ஒரு வருஷமா இதையா வச்சிருந்தே?”

“லீவு போன வருஷமே சாங்ஷன் ஆச்சுல்ல?”

அடுத்த டர்னில் ரேவதி ஜெயித்தார். கார்டுகளை அடுக்கும்போது சலீம் ரேவதியின் நட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இது எங்கிட்டயே இருக்கட்டும். சென்னைல யாரும் உன் கையைப் பார்க்க மாட்டாங்க. வாயைத் திறந்து சொல்லு.”