ஸ்ரீவத்சன் சார் அடித்துவிட்ட மூன்று வரிகள்

டென்மார்க் என்று யார் வாயைத் திறந்தாலும் போதும், எங்கள் தேனாம்பேட்டை ஆபீஸில் ஸ்ரீவத்சன் சார் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கம்பெனி செலவில் அங்கே பயிற்சிக்குப் போய் வந்து, அந்த ஊர் டேனிஷ் பாஷையும் கற்றுக்கொண்டவர். மயிலாப்பூர்க்காரர். ஆள் தங்கம்தான், ஆனால் கௌரவம் கௌரவம் என்று நம் உயிரை வாங்கிவிடுவார்.

தொண்ணூற்றாறில், எங்கள் பம்புகளைச் சோதித்துப் பார்க்க யென்சன் என்ற டேனிஷ் மெக்கானிக் தரமணி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. கூட நின்று வேலை செய்ய வேண்டியவன் ஃபிட்டர் ஜவஹர். பாவம், வருஷக்கணக்காக டெம்பரவரி. "ட்ரையல் நல்லபடியா முடியட்டும், பர்மனென்ட் பண்ணிடலாம்" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அவன் வீட்டில் அதற்குள் பாயசமே வைத்துவிட்டார்கள்.

வேலையில் சிக்கல் வந்தால் இரண்டு பேரும் பேசிக்கொள்ள, மேனேஜர் சில இங்கிலீஷ் வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார். ஸ்ரீவத்சன் சார் அவற்றை டேனிஷில், தமிழ் எழுத்தில், பக்கத்திலேயே தமிழ் அர்த்தத்தோடு எழுத வேண்டும். நான் டைப் அடிக்க வேண்டும். 'எல்லாம் சரியாக இருக்கிறது', 'செய்துவிடலாம்' எல்லாம் அழகாக எழுதினார். 'எனக்குத் தெரியவில்லை', 'சந்தேகமாக இருக்கிறது', 'என் தப்பு' மூன்றையும் சரக்கென்று கோடு போட்டு அடித்துவிட்டார்.

"ஏன் சார்?" என்றேன்.

"அங்க இன்ஜினீயரே தெரியாதுங்கறான், கூச்சமே இல்லாம. வெளிநாட்டுக்காரன் எதிர்ல நம்ம பையன் அப்படி நிக்கணுமா ஜுவேரியா? நீ டைப் அடிம்மா."

ட்ரையல் அன்று சுற்றிலும் கூட்டம். பெல்ட்டின் மூடியைச் சரியாக முடுக்கினோமா என்று ஜவஹருக்குச் சந்தேகம். யென்சன் கட்டைவிரலை உயர்த்தி, போடலாமா என்று கேட்கிறார். மேனேஜர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஜவஹர் தாளை முன்னும் பின்னும் புரட்டினான். கடைசியில், "டெ எர் ஈ ஓர்டன்" என்று படித்தான். எல்லாம் சரியாக இருக்கிறதாம்! சுவிட்சைப் போட்டதும் மூடி கழன்றது. பிடிக்கப் போனவனின் இரண்டு விரல்கள் போய்விட்டன. பர்மனென்ட் பேச்சும் அதோடு சரி.

மறுநாள் மாலை ஸ்ரீவத்சன் சாரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜவஹர் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"பேப்பரு பூரா தேடினேன் சார். டவுட்டா கீதுன்னு சொல்ல ஒண்ணுமே கெடைக்கல. நமக்குத்தான் படிக்கத் தெர்லன்னு நெனச்சுக்கினேன். உங்க பேரைக் கெடுத்துட்டேன் சார்."

ஸ்ரீவத்சன் சார் சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்தார். "ரெஸ்ட் எடுத்துக்கோப்பா" என்றார். அவ்வளவுதான்!

மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்ததும் அவர் முகம் கோணிக்கொண்டது. "அந்த வரியை நான்தான் அடிச்சுட்டேன்னு அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியலையேம்மா. வெக்கமா இருக்கு. பிடுங்கித் திங்கறது."

"வெக்கப்பட்டு என்ன சார் பிரயோஜனம்? மேலே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை, கத்திவிட்டேன்.

போனார். நான் வாசல் கேட் பக்கத்தில் நின்றேன். சீக்கிரமே திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"தூங்கிண்டிருக்கான். எழுப்ப வேண்டாம்னு வந்துட்டேன்."

அண்ணாந்து பார்த்தேன். மாடி ஜன்னலில் ஜவஹர் நின்றுகொண்டு, கட்டுப் போடாத கையால் எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தான்.